ஏட்டுக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

நலத்திட்டம் ஒன்று வகுக்கப்படுகிறது, பணம் ஒதுக்கப்படுகிறது, செலவாகிறது, அறிக்கையும் வெளியாகிறது. ஆயினும் அப்பணத்தால் உழவர் வீட்டுக் கடன் குறைந்ததா, நெசவாளர் வீட்டுக் கூலி உயர்ந்ததா என்று கண்டறிவோர் சிலரே. செலவைச் சரிபார்ப்பது தணிக்கை. பயனை அளந்தறிவது மதிப்பீடு. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதற்கு நமது கூட்டுறவு இயக்கத்தின் வரலாறே சான்றாகும்.

இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. உழவரை லேவாதேவிக்காரர் பிடியினின்று மீட்பது அதன் தலையாய நோக்கம். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின், 1951-இல், ரிசர்வ் வங்கி திரு. ஏ. டி. கோர்வாலா தலைமையில் ஒரு குழுவை அமைத்து, அகில இந்திய கிராமக் கடன் ஆய்வை நடத்தியது. சங்கப் பேரேடுகளை மட்டும் புரட்டிப் பார்த்து அக்குழு மனநிறைவு கொள்ளவில்லை. 75 மாவட்டங்களில் 600 கிராமங்களைத் தேர்ந்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பற்றிய செய்தியைத் திரட்டியது. சங்கம் எவ்வளவு கொடுத்தது என்பதோடு நில்லாமல், குடும்பம் யாரிடம் எவ்வளவு வாங்கியது என்றும் வினவியது.

1954-இல் வெளிவந்த முடிவு நாட்டையே திடுக்கிடச் செய்தது. உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்குச் சுமார் 3 மட்டுமே. லேவாதேவிக்காரர் பங்கோ 70-ஐ ஒட்டியிருந்தது! ஆயினும் அக்குழு இயக்கத்தைக் கைவிடுமாறு கூறவில்லை. சங்கங்களில் அரசு பங்குதாரராகச் சேரவேண்டும், கடனோடு விற்பனையும் இணையவேண்டும் என்றெல்லாம் வழி காட்டியது. 1955-இல் ஸ்டேட் வங்கி தோன்றியதும் அதன் பரிந்துரையின் பயனே. குறை காண்பது இகழ்வதற்கன்று, திருத்துவதற்கே என்பது இதனால் விளங்கும்.

இப்பாடம் எனக்கும் வேண்டியிருந்தது. ஒரு சங்கத்தைப் பார்வையிட்டபோது, கடன் வசூல் நூற்றுக்கு நூறு எனக் கண்டு, பாராட்டி எழுதிக் கையொப்பமிட்டேன். பின்னர் அவ்வூர் உழவர் ஒருவரைக் களத்துமேட்டில் கண்டேன். "தவணைக்கு முதல் நாள் வெளியில் வட்டிக்கு வாங்கிக் கட்டினேன், ஐயா. புதுக் கடன் வந்ததும் அவரிடமே கொடுத்துவிட்டேன்" என்றார். ஏட்டில் பாக்கி இல்லை. வீட்டிலோ இரட்டை வட்டி! என் கையொப்பம் ஏட்டுக்கு மட்டுமே சாட்சி கூறியது.

ஆகவே, புதிய திட்டம் எதனையும் தொடங்குமுன் சங்கங்கள் சிலவற்றைக் குறித்துக்கொள்வது நலம். தறி மாதத்தில் எத்தனை நாள் ஓடுகிறது? கைக்கு வரும் கூலி எவ்வளவு? வெளிக்கடன் எவ்வளவு? ஆறு மாதத்துக்கொரு முறை அதே குடும்பங்களிடம் அதே வினாக்களைக் கேட்கவேண்டும். உதவி பெற்றோரை மட்டுமன்றி, பெறாதோரையும் கேட்கவேண்டும். பெற்ற விடைகளை, அவை கசப்பாயினும், பேரவைக் கூட்டத்தில் மறையாது படித்துக் காட்டவேண்டும்.

இதற்குப் பெரும் செலவில்லை. ஒரு குறிப்பேடும், உண்மையைக் கேட்கும் துணிவும் போதும். உறுப்பினர்களும் தம் வீட்டு நிலையை ஒளியாது உரைப்பாராக! சங்கம் அவர்களுடையது, அதன் கணக்கும் அவர்கள் இல்லத்திலேயே முடிகிறது.