ஒரு சதுர சென்டிமீட்டரில் அடங்கும் மண்

திருமலைக் குன்றுகளின் அடிவாரத்திலிருந்து சுவர்ணமுகி ஆற்றுப் படுகைவரை சரிவின் போக்கிலேயே இறங்கி வந்தால், பாறையை ஒட்டிய மெல்லிய சரளை மண் செவ்வலாகவும், செவ்வல் களி மிகுந்த ஆழமான மண்ணாகவும், அதுவும் ஆற்றோரத்து வண்டலாகவும் சில கிலோமீட்டருக்குள் மாறிவிடுவதைக் காணலாம். மழைநீர் மேட்டிலுள்ள நுண்துகள்களை அரித்துக் கொண்டுவந்து பள்ளத்தில் சேர்ப்பதால் உண்டாகும் இந்த வரிசையைச் சரிவுத் தொடர் எனலாம். தாய்ப்பாறையும் இதில் பங்கு கொள்கிறது. குன்றின் மேற்பகுதி எளிதில் சிதையாத குவார்ட்சைட் கல்லாகவும், அதன் அடியில் இருப்பது மிகப் பழைய கிரானைட் பாறையாகவும் அமைந்திருக்க, இவ்விரண்டும் சந்திக்கும் இடம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. இத்தனை விரைவாக மாறும் மண்ணை எந்த அளவுத்திட்டத்தில் வரைந்தால் பயன்படும் என்பதே சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் நிலவளத் திட்டமிடலில் முதன்மையான கேள்வி.

மண்ணைத் தரம் பிரிப்பது இப்பகுதிக்குப் புதிதன்று. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இதன் கணிசமான பகுதி வடஆற்காட்டில் இருந்தது; அக்காலத்து ரயத்துவாரி நிலவரித் திட்ட அலுவலர்கள் கரிசல், செவ்வல், மணல் என்று நிறத்தையும் களித்தன்மையையும் பார்த்து நிலத்தைப் பிரித்து, அதற்கொரு ‘தரம்’ எழுதித் தீர்வை விதித்தனர். வரி வாங்குவதற்காகச் செய்யப்பட்ட அந்தப் பகுப்பு இன்றைய தேவைகளுக்குப் போதாது. ஆயினும் நிலத்தைச் சர்வே எண்ணோடு சேர்த்துப் பதிந்ததில் அதற்கு ஒரு நுணுக்கம் இருந்தது என்பதையும், பின்னாளைய அறிவியல் வரைபடங்கள் பலவும் அந்த நுணுக்கத்தை எட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1958-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய மண் மற்றும் நிலப் பயன்பாட்டு ஆய்வு நிறுவனமும், 1976-இல் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனமும் நாட்டின் மண் ஆய்வில் முன்னிற்பவை. பின்னது 1986-இல் தொடங்கி மாநிலங்களின் மண் வளத்தை 1:2,50,000 என்ற அளவில் வரைந்தது. அந்த அளவில் தாளின் ஒரு சென்டிமீட்டர் தரையில் இரண்டரை கிலோமீட்டரைக் குறிக்கும் என்பதால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் 625 ஹெக்டேர் நிலம் அடங்கிவிடுகிறது. மாநில அளவிலான திட்டங்களுக்கு அது ஏற்றதே. ஆனால் மேட்டுச் சரளையும் பள்ளத்துக் களியும் ஒரே வண்ணத்துக்குள் கலந்துவிடும் அத்தகைய வரைபடத்தை வைத்து, ஓர் ஊரில் மாந்தோப்பு எங்கே, கரும்பு எங்கே என்று தீர்மானிக்க இயலாது. தற்போது வலியுறுத்தப்படும் 1:10,000 அளவில் அதே சதுர சென்டிமீட்டர் ஒரு ஹெக்டேரை மட்டுமே காட்டும்.

இந்த நுணுக்கத்தை ஆட்களையும் மண்வெட்டியையும் மட்டும் கொண்டு எட்டுவதற்குப் பல தலைமுறைகள் ஆகும் என்பதால்தான் டிஜிட்டல் மண் வரைபடமுறை வந்தது. மண் என்பது தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தோற்றம், காலம் ஆகியவற்றின் கூட்டு விளைவு என்ற கருத்தை ரஷ்ய அறிஞர் டொக்குச்சாயேவ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முன்வைத்தார். மண்ணியல் அறிஞர் ஹான்ஸ் ஜென்னி 1941-இல் அதற்கு ஒரு சமன்பாட்டின் வடிவம் தந்தார். 2003-இல் மக்பிராட்னியும் உடன் ஆய்வாளர்களும், அந்தக் காரணிகளோடு மண்ணைப் பற்றி ஏற்கெனவே கிடைத்துள்ள தரவையும் இடத்தின் அமைவையும் சேர்த்து, தெரிந்த இடத்து மண்ணிலிருந்து தெரியாத இடத்து மண்ணைக் கணிக்கும் வழியை வகுத்தனர். இதற்குத் தேவையான உயர மாதிரி, அதாவது தரையின் ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் உயரத்தைக் குறிக்கும் தரவு, 2005 மே மாதம் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 போன்ற செயற்கைக்கோள்களின் படங்களிலிருந்து கிடைக்கிறது. அதிலிருந்து சரிவு, வளைவு, நீர் தேங்கும் போக்கு முதலியவற்றைக் கணக்கிடலாம். அந்தச் செயற்கைக்கோள் புறப்பட்ட ஸ்ரீஹரிகோட்டா இன்று திருப்பதி மாவட்டத்திலேயே இருக்கிறது.

எனினும் செயற்கைக்கோள் மண்ணின் உள்ளே பார்ப்பதில்லை. அது காண்பது மேல்தோலை மட்டுமே. பயிர் நிற்கும் பருவத்தில் அதையும் காண்பதில்லை. ஆகவே சரிவின் பல நிலைகளில், பாறை தட்டும்வரையிலோ ஒன்றரை மீட்டருக்கும் மேலாகவோ குழி தோண்டி, அதன் சுவரில் தெரியும் அடுக்குகளை, அதாவது மண்கண்டத்தை, நிறம், களித்தன்மை, சரளை, சுண்ணாம்பு எனப் பதிந்து, மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் குழிகளின் தரவைப் படித்து, எந்தச் சரிவில் எத்தகைய மண் இருக்கும் என்பதை ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ போன்ற கணினி முறைகள் கற்றுக்கொள்கின்றன. 2022-இல் பிரிக்கப்படுவதற்கு முந்தைய பழைய சித்தூருக்கு அண்டை மாவட்டமான அனந்தபூரின் புக்கராயசமுத்திரம் மண்டலத்தில் இம்முறையால் அங்ககக் கரிமம், கார அமில நிலை, உப்புத்தன்மை ஆகியவற்றைக் கணித்த ஆய்வு 2017-இல் வெளியானது. பழைய சித்தூரிலோ சிவகிரி சிறு நீர்ப்பிடிப்புப் பகுதி, சந்திரகிரி, ஏர்பேடு ஆகிய இடங்களில் மண்கண்டங்களை விரிவாக விவரித்த ஆய்வுகள் முன்பே வந்துள்ளன. கணினிக்குக் கற்பிக்க இவற்றைவிட நல்ல பாடம் வேறில்லை. குழிகள் குறைவாக உள்ள இடத்தில் வரைபடம் எவ்வளவு அழகாக அச்சானாலும் அது ஊகமே. கணிப்போடு அதன் நம்பக எல்லையையும் சேர்த்து வெளியிடுவது இத்துறையின் நல்ல மரபு. திட்டமிடுவோர் கைக்கு வண்ணப்படம் மட்டும் போய்ச் சேர்வது அந்த மரபுக்கு எதிரானது.

2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் மேலடுக்கு மண்ணில் 12 கூறுகளை அளந்து உரப் பரிந்துரை தருகிறது. அது பயனுள்ளதே என்றாலும் நிலத்தைத் திட்டமிடப் போதாது, ஏனெனில் உரத்தால் மாற்ற முடியாத குணங்களே பயிரைத் தீர்மானிக்கின்றன. எல்லைப்புறத் தமிழில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைக்கு, விழுது எளிதாக இறங்கவும் காய் உதிராமல் பிடுங்கவும் பொலபொலப்பான செவ்வல் வேண்டும். ஆனால் அதே மணற்பாங்கான செவ்வல் ஈரத்தைக் குறைவாகவே பிடித்துவைப்பதால், மழை இடையில் நின்றால் பயிர் விரைவில் வாடுகிறது. சித்தூரின் கூழ் ஆலைகளுக்குப் பழம் தரும் கிளிமூக்கு, அதாவது தோத்தாபுரி மாமரத்துக்கு வேரோட ஆழம் வேண்டும். மண் ஆழம், சரளை விகிதம், ஈரம் தாங்கும் திறன், சரிவு ஆகிய நான்கும் இன்றி, எந்த நிலம் எந்தப் பயிருக்கு ஏற்றது என்ற பொருத்த வகைப்பாட்டைச் செய்யவே முடியாது; இவற்றில் ஒன்றுகூட அந்த அட்டையில் இல்லை.

நிர்வாக எல்லைகள் மாறுவதும் தரவைக் குழப்புகிறது. 2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் பிரிக்கப்பட்டு, நெல்லூரின் கூடூர், சூளூர்பேட்டைப் பகுதிகளையும் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் உருவானது. மதனப்பள்ளிப் பகுதி அன்னமய்யா மாவட்டத்துக்குச் சென்றது. ஆகவே ‘சித்தூர்’ என்று பெயரிட்ட பழைய அட்டவணைச் சராசரிகள் இன்றைய எந்த மாவட்டத்துக்கும் பொருந்தா. நெல்லூரிலிருந்து வந்து சேர்ந்த புலிக்காட்டு ஏரியோரத்து உவர் நிலம் அவற்றில் இடம்பெற்றிருக்கவே வாய்ப்பில்லை. இடக்குறிப்புடன் சேமித்த மண்குழித் தரவுக்கு இந்தச் சிக்கல் இல்லை, எந்த எல்லைக்குள்ளும் அதை மீண்டும் தொகுத்துக்கொள்ளலாம். 2020 டிசம்பரில் ஆந்திர அரசு தொடங்கிய நில மறுஅளவைப் பணியில் ட்ரோன்களைக் கொண்டு வயல் எல்லைகள் இடக்குறிப்புடன் பதியப்படுவதால், மண் அலகுகளை அவற்றின்மேல் பொருத்தினால் சர்வே எண் வாரியாக மண்ணின் இயல்பைச் சொல்ல இயலும்.

இதைவிடக் கடினமானது மாநில எல்லை. சித்தூர்ப் பக்கத்து மேடுகளில் தோன்றும் ஆரணியாறு பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து திருவள்ளூர் மாவட்டத்துக்குள் நுழைந்து புலிக்காட்டுப் பக்கம் கடலை நோக்கிச் செல்கிறது. மேட்டில் எந்தச் சரிவில் மண் அரிக்கிறது என்பதும், நீர்த்தேக்கத்தில் எவ்வளவு வண்டல் படிகிறது என்பதும், கீழ்ப்பகுதிக்கு எவ்வளவு வெள்ளம் வருகிறது என்பதும் ஒரே கணக்கின் பகுதிகள். அந்த நீர்ப்பிடிப்பு முழுவதற்கும் ஒரு மண் வரைபடம் வேண்டுமெனில், இரு மாநிலங்களின் மண் பதிவுகளையும் ஒரே அளவுத்திட்டத்துக்கும் ஒரே வகைப்பாட்டுக்கும் கொண்டுவந்து, எல்லைக் கோட்டின் இருபுறமும் புதிதாகச் சில குழிகளைத் தோண்டிச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.