பழைய கார்களின் எண்ணும் உலோகத்தின் நினைவும்

மதுரையில் பழைய கார் ஒன்றை வாங்கியவர் பெயர் மாற்றத்திற்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் அடிச்சட்டமாகிய சேஸிஸில் பொறித்த எண்மீது மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பது வழக்கம். குழிந்த இலக்கங்கள் வெள்ளையாக விழும், சுற்றுப்புறம் கறுக்கும். காசின்மேல் தாளை வைத்துத் தேய்த்து விளையாடாத பிள்ளை உண்டா? அதே வித்தைதான்.

கோடிகளில் விலைபோகும் பந்தயக் கார்களுக்கும் இந்த எண்ணே ஆதாரம். 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டரேயில் 1962-ஆம் ஆண்டு பெராரி 250 ஜிடிஓ கார் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அவ்வகையில் செய்யப்பட்டவை 36 மட்டுமே. எந்தக் கார் என்று கேட்டால் ஆர்வலர்கள் நிறத்தைச் சொல்வதில்லை; 3413 என்று எண்ணைச் சொல்வார்கள். மான்டரே ஏலங்கள் ஆகஸ்டில்தான் கூடும். அதற்கு முந்திய கோடை மாதங்களில் வியாபாரம் மந்தம். வாங்க நினைப்பவர்கள் அந்த ஓய்வில் தொழிற்சாலைப் பதிவேடு, பந்தய முடிவுகள், பழைய புகைப்படங்கள் என்று எண்களைத் துரத்துவார்கள். பந்தயக் கார் மோதும், எரியும். ஒன்றின் இயந்திரம் இன்னொன்றுக்குப் போகும். ஆகவே சந்தேகத்துக்கு இடம் அதிகம்.

எண்ணை அரத்தால் ராவிவிட்டு வேறு எண்ணை அடித்தால் என்ன செய்வது? இங்கேதான் உலோகம் துப்புச் சொல்கிறது. அச்சு இறங்கும்போது எழுத்தின் பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. அதற்குக் கீழேயுள்ள நுண்ணிய படிகங்களும் நசுங்கி ஒழுங்கு குலைகின்றன. பள்ளம் மறையும்வரை ராவினாலும் நசுங்கிய அடுக்கு எஞ்சியிருக்கும். அவ்விடத்தை வழவழப்பாகத் தேய்த்து, தாமிரக் குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தடவுகிறார்கள். நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்படுவதால், பழைய எண் மங்கலாக எழுந்து வரும். சில சமயம் சற்று நேரத்தில் மறைந்துவிடும். உடனே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இது எஃகுக்கான முறை. அலுமினிய இயந்திரத்துக்கு மருந்து வேறு. காவல்துறையின் தடய அறிவியல் ஆய்வகங்கள் திருட்டு வண்டிகளுக்கும் துப்பாக்கிகளுக்கும் கையாளும் முறையும் இதுவே.

மதுரை வெயிலில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த காரில் இந்த நினைவு அழிந்துபோகாதா? அழியாது. சித்திரை வெயிலில் காரின் தகடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கையைச் சுடலாம். ஆனால் எஃகின் குலைந்த படிகங்கள் புதிதாக ஒழுங்குபட இன்னும் பல நூறு டிகிரி வேண்டும். அந்தச் சூடு வெல்டிங் சுடரில்தான் கிடைக்கிறது. எண்ணுக்கு அருகில் புதுப் பற்றுவைப்பு தெரிந்தால் வல்லுநர் முகம் சுளிப்பது அதனால்தான். ஆழமாக ராவினாலும் எதுவும் மிஞ்சாது. துருவும் அந்த வேலையைச் செய்யும். இராமநாதபுரக் கடற்கரையின் உப்புக் காற்றைவிட மதுரைச் சமவெளியின் வறட்சி இவ்வகையில் நல்லது.

2021-இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவு உண்டு. அடிச்சட்டம், மேற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அது கிடையாது. சென்னை அருகே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் அந்த வயதை எட்டிவிட்டன. இங்கிலாந்தின் ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து பிறந்ததுதான். உங்கள் தெருவில் ஒன்று தார்ப்பாயின் கீழ்க் கிடக்கிறதா? சாயம் பூசுவதற்கு முன்பே எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாயம் பூசியபின் ராவிய தடம் கண்ணுக்குத் தெரியாது.