பரீட்சை பாஸ், சான்றிதழும் கையில்... காப்பி அடித்ததால் எல்லாம் போச்சு! அக்கவுண்டன்ட் படிப்பில் நடந்தது என்ன?

சென்னை:-

பரீட்சையில் பிட் அடித்து மாட்டினால் ஹாலை விட்டு வெளியே அனுப்புவார்கள். ஆனால் எல்லா பேப்பரையும் பாஸ் செய்து, உறுப்பினர் சான்றிதழும் வாங்கிய பிறகு, காப்பி அடித்தது தெரிந்து மொத்தமும் பறிபோனால்? அக்கவுண்டன்ட் படிப்பில் அப்படி நடந்திருக்கிறது.

லண்டனில் தலைமை அலுவலகம் உள்ள ஏ.சி.சி.ஏ. அமைப்பு 1904-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. சென்னையிலும் பி.காம். மாணவர்கள் பலர் இதைப் படிக்கிறார்கள். (இந்தியாவில் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்து போட சி.ஏ.வுக்குத்தான் உரிமை. இது வேறு படிப்பு.)

இதில் பரீட்சை மட்டும் போதாது. 36 மாதம் வேலை அனுபவம் வேண்டும். 9 தலைப்புகளில், வேலையில் என்ன செய்தோம், என்ன கற்றோம் என்று சொந்தமாக எழுதித் தரவேண்டும். ஒவ்வொன்றும் 200 முதல் 500 வார்த்தை. கூட இருந்து வேலை வாங்கிய மேலதிகாரி அதற்கு ஒப்புதல் தரவேண்டும். இங்கேதான் வில்லங்கம்.

சிக்கியது எப்படி?

2019 கடைசியில் இருந்து 2021 தொடக்கம் வரை, சீனாவில் சுமார் 100 பேருக்கு ஒரே மேலதிகாரி பெயரில் ஒப்புதல் பதிவாகி இருந்தது. ஒரு ஆள் இத்தனை பேரை எப்படி மேய்க்க முடியும்? சந்தேகப்பட்ட ஏ.சி.சி.ஏ. அவரிடமே கேட்டது. தான் பார்த்துக்கொண்டது ஒரே ஒருவரைத்தான் என்றார் அவர்!

பிறகு எழுதிக் கொடுத்ததை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெவ்வேறு கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு அனுபவம் மட்டும் வரி பிசகாமல் ஒன்றாக இருந்தது. தேதியில் எது முதலில் வந்ததோ அது ஒரிஜினல், மற்றதெல்லாம் காப்பி என்று கணக்கு வைத்தார்கள்.

தண்டனை என்ன?

விசாரணைக்கு வந்த பலர் உறுப்பினர் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டனர். விசாரணை செலவாக ஆயிரக்கணக்கான பவுண்டு கட்டவும் உத்தரவானது. அதைவிட வேதனை, தீர்ப்பு பெயரோடு இணையதளத்தில் வெளியானது. வேலைக்கு எடுக்கும் கம்பெனி பெயரைத் தட்டினாலே தெரிந்துவிடும். நகையை அடகு வைத்து பீஸ் கட்டிய அப்பா-அம்மாவிடம் பிள்ளை எந்த முகத்தோடு போய் நிற்கும்?

மாணவராக இருக்கும்போதே மாட்டினாலும் இதே ஒழுங்கு நடவடிக்கைதான். மாணவர் பதிவே ரத்தாகலாம்.

பெரிய இடத்திலும்...

சின்னப் பிள்ளைகள் மட்டும் அல்ல. அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் அண்ட் யங் ஊழியர்கள் நேர்மை பற்றிய பரீட்சையிலேயே விடையைக் கைமாற்றி மாட்டினர்! 2022-ம் ஆண்டு அந்த நிறுவனத்துக்கு 10 கோடி டாலர் அபராதம் போட்டார்கள்.

செல்போன், ஏ.ஐ. வைத்து ஏமாற்றுவது கூடிப்போனதால், வீட்டில் இருந்தே பரீட்சை எழுதும் வசதியை 2026 மார்ச் முதல், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் தவிர, நிறுத்துவதாக ஏ.சி.சி.ஏ. 2025 டிசம்பரில் அறிவித்தது.

சீனியர் எழுதியதை படித்துப் பார்ப்பதில் தப்பு இல்லை. அதில் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவதுதான் வினை. சந்தேகம் கேட்டு மெயில் வந்தால் பயந்து ஒளியவும் கூடாது. சீனா வழக்குகளில் பலர் பதிலே போடவில்லை. ஒத்துழைக்கவில்லை என்று அதுவும் தனி குற்றச்சாட்டாக சேர்ந்துகொண்டது.