மேட்டிலே பெற்றோல் நிலையம், பள்ளத்திலே வீடு

ஊர் வளர்கிறது என்பதற்கு இக்காலத்தில் இரண்டு அடையாளங்கள் கூறுவர். ஒன்று, வீதி முனையில் ஒரு பெற்றோல் நிலையம். மற்றொன்று, அதன் அருகே இரவிலும் ஒளி வீசும் ஒரு சிறு கடை. பாண், பால்மா, பிஸ்கற் யாவும் அங்கே கிடைக்கும். 2023 ஆம் ஆண்டில் சீன நாட்டுச் சினோபெக் நிறுவனத்தோடு நமது அரசாங்கம் செய்துகொண்ட உடன்படிக்கை, ஏலவே உள்ள 150 நிலையங்களை நடத்துவதற்கும் மேலும் 50 நிலையங்களைப் புதிதாக நிறுவுவதற்கும் வழி செய்தது. புதியவை எங்கே அமையும்? யாருடைய வீட்டுக்கு அயலில் அமையும்? கண்டி போன்ற மலைநகரத்தில் வாழும் நமக்கு இவ்வினா மற்றை ஊராரினும் பெரிதாகும்.

கடையையும் பெற்றோல் நிலையத்தையும் ஒரே தராசில் நிறுத்துதல் தகாது என்பதை முதலில் கூறிவிடுகிறோம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து யூக்ளிட் என்னும் ஊர், வீடுகளுக்கு ஒரு வலயம், கடைகளுக்கு வேறொரு வலயம் என நிலத்தைப் பகுத்து விதி செய்தது. அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1926 இல் அவ்விதியை ஏற்றுக்கொண்டது. தீங்கு என்பது சில வேளைகளில் தகாத இடத்தில் வந்தமர்ந்த நல்ல பொருளேயாம், தொழுவத்தில் நிற்கவேண்டிய பன்றி விருந்தினர் கூடத்தில் நிற்பது போல, என்பது தீர்ப்பெழுதிய நீதியரசர் சதர்லண்ட் அவர்களின் கருத்து. கருத்து நன்று. ஆனால் அம்முறை பரவியதன் பயனாக, அங்கே பல குடியிருப்புகளில் ஒரு பிடி உப்பு வாங்குவதற்கும் மோட்டார் வண்டியில் ஏறவேண்டியதாயிற்று! நமது கொழும்பு வீதியிலும் திருகோணமலை வீதியிலும் கீழே கடையும் மேலே குடித்தனமுமாக மக்கள் நெடுங்காலம் வாழ்ந்தனர். பலசரக்குக் கடை அயலில் இருத்தல் குடும்பத்துக்கு உதவியே. அதனை ஒதுக்க வேண்டியதில்லை.

பெற்றோல் நிலையத்தின் இயல்பு வேறு. அதன் முக்கிய பகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. நிலத்தின் கீழே தாங்கிகளாகப் புதைந்து கிடக்கிறது. பவுசர் வண்டி எண்ணெயை இறக்கும்போது தாங்கியினுள் இருந்த ஆவி வெளியே தள்ளப்படும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆதலால் அது புகைபோல் மேலெழுந்து மறைவதில்லை. நீரைப்போலத் தாழ்ந்த இடம் நாடிச் செல்லும். தாங்கி துருப்பிடித்துக் கசியுமாயின், எண்ணெயும் மண்ணினூடே சரிவை நோக்கியே இறங்கும். அதிலுள்ள பென்சீன் என்னும் பொருள் நீரிற் கரைவது, புற்றுநோயை உண்டாக்குவது.

இந்தியாவில் 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு விதி வகுத்தது. பாடசாலை, பத்துக் கட்டிலுக்குக் குறையாத ஆஸ்பத்திரி, குடியிருப்பு வலயம் ஆகியவற்றிலிருந்து புதிய நிலையம் 50 மீற்றர் தள்ளி அமைதல் வேண்டும். இடவசதி இல்லையேல் மேலதிகப் பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்தல் வேண்டும். எவ்வாறாயினும் 30 மீற்றருக்குக் குறையலாகாது. சமநிலத்துக்கு இது பொருத்தமான விதி. கண்டிக்கோ? இங்கே வீதியோரத்தில் நின்று பார்த்தால் அயல்வீட்டின் கூரை நம் காலடிக்குக் கீழே தெரியும். தேசப்படத்தில் 50 மீற்றர் தள்ளியிருக்கும் வீடு, உண்மையில் நிலையத்தின் நேர் கீழே, அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் சமையலறையோடு இருக்கலாம். நிலையத்துக்கு மேற்புறத்தில் 20 மீற்றரில் இருப்பவருக்குக் கசிவினால் நேரும் அச்சம், கீழ்ப்புறத்தில் 80 மீற்றரில் கிணறு வைத்திருப்பவருக்கு நேருவதினும் குறைவே. மலைநகரின் விதி அடிக்கோலால் மாத்திரம் அளத்தல் போதாது. சரிவையும் அளத்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.

நீரின் வழியையும் எண்ணிப் பார்க்க. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் 1807 இல் அமைப்பித்த வாவியிலிருந்து புறப்படும் மெத எல என்னும் கால்வாய், நகரின் நடுவே சென்று மகாவலி கங்கையிற் கலக்கிறது. வீதிகளிலும் வாகனம் கழுவும் இடங்களிலும் சிந்தும் எண்ணெயை மழை அடித்துச் செல்லும் பாதையும் அதுவே. மகாவலியோ கண்டிக்கும் சூழவுள்ள ஊர்களுக்கும் குடிநீர் தருவது.

2022 ஆம் ஆண்டு மற்றொன்றையும் நமக்குக் காட்டிற்று. அந்நியச் செலாவணி வற்றி எரிபொருள் அருகியபோது, வாகன வரிசைகள் நாட்கணக்கில் நீண்டு கிடந்தன. ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஏனையோருக்கு விற்பனையே நிறுத்தப்பட்டது. ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமான நம் வீதிகளில் அத்தகைய வரிசை நின்றால், எதிரே வரும் அம்புலன்ஸ் வண்டிக்கு ஒதுங்க இடம் ஏது? பெற்றோல் நிலையம் பிடித்துக்கொள்ளும் நிலம் அதன் வேலிக்குள் அடங்குவதன்று.

சட்டங்களுக்குக் குறைவில்லை. கண்டியில் 1865 முதல் மாநகர சபை இயங்குகிறது. வீடமைப்புக்கும் நகர மேம்பாட்டுக்குமான கட்டளைச் சட்டம் 1915 இல் வந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978 இலும், தேசிய சுற்றாடற் சட்டம் 1980 இலும் வந்தன. அதிகார சபையின் எல்லைக்குட்பட்ட இடங்களில் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இன்றி எதனையும் கட்டலாகாது. ஆயினும் நிலையம் எழுந்து விளக்குப் போட்ட பின்னரே பெரும்பாலும் அயலார் விழித்துக்கொள்கின்றனர்.

2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இங்கே பயன்படும். அயலில் நிலையம் வரவிருப்பதாகக் கேள்விப்பட்டவர்கள், அல்லது பழைய நிலையத்தின் கீழே வசிப்பவர்கள், மாநகர சபையின் அல்லது பிரதேச சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பம் எழுதலாம். அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தில் நிலத்தின் சரிவும் மழைநீர் வடியும் திசையும் காட்டப்பட்டுள்ளனவா? தாங்கிகள் எப்பொழுது புதைக்கப்பட்டன, எப்பொழுது சோதிக்கப்பட்டன? நிலையங்களில் அளவுகோலைத் தாங்கியினுள் இறக்கி எண்ணெய் மட்டத்தைக் குறித்துவைக்கும் வழக்கம் உண்டு. விற்ற அளவோடு அக்கணக்கு நாள்தோறும் ஒவ்வாது போகுமாயின் கசிவு உண்டென ஐயுறலாம். அக்குறிப்பை அதிகாரி எவரேனும் பார்வையிட்டாரா என்பதும் கேட்கத்தக்கதே. கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்பதை உத்தியோகத்தர் 14 வேலை நாள்களுள் தீர்மானித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.