கடலுக்கும் ஓர் ஓய்வுக்காலம்

மும்பை மாநகரில் குடியேறி வாழும் தமிழர்கள், ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்தவுடன் மீன் சந்தையில் ஒரு மாறுதலைக் கண்டிருப்பார்கள். சசூன் துறையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கூடைகளின் எண்ணிக்கை குறையும், விலை ஏறும். கிடைப்பவற்றில் பாதி ஆற்று மீனாக இருக்கும். எஞ்சியது பனிக்கட்டியில் பல நாள் கிடந்ததாக இருக்கும். கொச்சியிலும் கொல்லத்திலும் வாழ்வோர் இதே காட்சியைச் சில நாள் பிந்திக் காண்கின்றனர். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குள் செல்லலாகாது என்பது விதி. கேரளம் தன் கரையையொட்டிய கடலில் இதனை ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி 52 நாட்களாக வகுத்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம்.

மும்பைக் கோளி மீனவர்கள் இவ்விதிக்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஆவணிப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்த பின்னரே மீண்டும் படகிறக்கும் வழக்கமுடையவர்கள். ஆகவே மழைக்காலத்தில் கடலை அதன் போக்கில் விட்டுவிடுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. புதிதாக வந்தது எதுவெனில், அவ்வழக்கத்தைப் பொருட்படுத்தாத இயந்திரம். அவ்வியந்திரத்தை எதிர்த்துச் சட்டம் பிறந்த வரலாற்றில் கிறிஸ்தவ சமயத்தார் சிலரின் மனச்சான்று பெரும் பங்கு கொண்டது. அந்த வரலாற்றையே இங்குக் கூற விழைகிறோம்.

1952ஆம் ஆண்டில் இந்தியாவும் நார்வே நாடும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி 1953இல் கொல்லத்தையடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை என்னும் ஊர்களில் மீனவர் வாழ்வை உயர்த்தும் திட்டம் ஒன்று தொடங்கிற்று. குடிநீரும் மருத்துவ நிலையமும் அதில் அடங்கியிருந்தன. சிறு படகுகளுக்கு இயந்திரம் பொருத்துவதும் குளிர்சாதன வசதியும் அதன் அங்கங்கள். நோக்கம் நல்லதே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் 1960களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இறாலுக்குக் கிடைத்த விலை திட்டத்தின் முகத்தையே திருப்பிவிட்டது. இறால் கடலடியில் வாழ்வது. அதனைப் பிடிக்க இழுவை மடி வேண்டும். மீனவரல்லாத பணக்காரர்களும் இழுவைப் படகுகளில் முதலீடு செய்யத் தலைப்பட்டனர்.

இழுவை மடி என்பது பை போன்ற வலை. அதன் வாயை இரு பலகைகள் அகல விரித்துப் பிடிக்க, கடலின் அடித்தளத்தை உரசியவாறு படகு அதனை மணிக்கணக்கில் இழுத்துச் செல்லும். இறாலுடன் குஞ்சுமீன், நண்டு, சிப்பி, அடித்தளத்து உயிர்கள் யாவும் அப்பையில் வந்து சேரும். மேற்குக் கரையில் மழைக்காலத்தில் இது பன்மடங்கு கேடானது. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் உரச்சத்துக்களைச் சுமந்துகொண்டு கரையோரம் மேலெழுகிறது. நுண்ணுயிர்ப் பாசி பெருகுகிறது. அதனை உண்ணச் சாளையும் அயிலையும் கூட்டங்கூட்டமாக வருகின்றன. பல மீன்வகைகள் முட்டையிடும் பருவமும் ஏறக்குறைய இதுவே. ஆலப்புழைப் பகுதியில் சேற்றுக்கரை தோன்றிக் கடல் குளம்போல் அமைதியுறும் ‘சாகரா’வும் இக்காலத்து நிகழ்ச்சிதான். கட்டுமரத்தானுக்கும் வள்ளக்காரனுக்கும் ஆண்டின் பிழைப்பு அந்தச் சில வாரங்களிலேயே அடங்கியிருந்தது. விசைப்படகு கரையோரம் வந்தபோது அவன் மீனும் போயிற்று. சில இரவுகளில் அவன் வலையும் அறுந்துபோயிற்று. 1970களின் நடுவில் நான்கு இலட்சம் டன்னைக் கடந்திருந்த கேரளத்தின் கடல்மீன் வரவு, 1981இல் மூன்று இலட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிற்று.

இக்கரையில் வாழும் மீனவருள் பெருந்தொகையினர் இலத்தீன் கத்தோலிக்கர். 1540களில் புனித சவேரியார் பரதவரிடையேயும் முக்குவரிடையேயும் பணியாற்றிய நாள்தொட்டு, கடற்கரை ஊர் என்றால் கோவிலைச் சுற்றிய ஊர் என்றே பொருள். பிடித்த மீனில் ஒரு பங்கு கோவிலுக்குச் செல்வது வழக்கமாயிருந்தது. எனவே கடல் வறண்டபோது குருமாரின் கதவையே மக்கள் தட்டினர். கேள்வி எளிதானது: எங்கள் பசியைக் குறித்து உங்கள் வேதம் என்ன சொல்கிறது?

இதற்கு விடை சொல்வது அவ்வளவு எளிதாயிருக்கவில்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம், மனிதன் பூமியைக் கீழ்ப்படுத்தி உயிர்களை ஆளவேண்டும் என்கிறது. ஆளப்பட வேண்டியவற்றின் வரிசையில் முதலில் நிற்பது கடலின் மீன்களே என்பதைக் கவனிக்கவேண்டும். 1967இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையொன்றில், இயற்கையை மனிதனின் உபயோகப் பொருளாகக் கருதும் மேலைநாட்டுக் கிறிஸ்தவ மனப்பான்மையே இன்றைய சுற்றுப்புறக் கேட்டின் வேர்களில் ஒன்று என்று குற்றஞ்சாட்டினார். தாமும் அச்சமயத்தைச் சார்ந்தவராகையால், பறவைகளையும் விலங்குகளையும் உடன்பிறப்பாகக் கொண்ட அசிசியின் பிரான்சிசையே வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்றும் அவர் கூறினார். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் அந்தப் புனிதரையே சுற்றுப்புறப் பாதுகாப்பின் காவலராக அறிவித்தார்.

அதே ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரமோ, மனிதன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்பட்டவன் என்கிறது. ஒன்று ஆள்பவன், மற்றொன்று தோட்டக்காரன். எதைப் பற்றிக்கொள்வது என்பதில்தான் திருச்சபைகளின் விவாதம் சுழன்றது.

தில்லிவாழ் தமிழர்களுக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி சொல்ல விரும்புகிறோம். இவ்விவாதத்தின் தொடக்கங்களில் ஒன்று அவர்களுடைய நகரிலேயே நிகழ்ந்தது. 1961 நவம்பரில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மூன்றாம் பேரவை விக்ஞான் பவனில் கூடியபோது, சிக்காகோவிலிருந்து வந்த லுத்தரன் அறிஞர் ஜோசப் சிட்லர் பேசினார். மீட்பு என்பது மனித ஆன்மாவுக்கு மட்டும் உரியதன்று, படைப்பு முழுவதையும் தழுவியது என்பதே அவர் பேச்சின் சாரம். திருச்சபைகளின் ஒற்றுமையைப் பற்றிய பேச்சை எதிர்பார்த்து வந்தவர்களிற் பலர் அன்று வியப்புற்றனர். இன்று அச்சாலை வழியே செல்லும் நம்மவருள் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! 1975இல் நைரோபியில் கூடிய பேரவையில் ஆஸ்திரேலிய உயிரியல் அறிஞர் சார்லஸ் பர்ச், ஏழைகள் வாழவேண்டுமாயின் செல்வர்கள் எளிமையாக வாழ்ந்தாகவேண்டும் என்று வாதிட்டார். இயற்கையின் கேடும் ஏழையின் துயரும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்ற எண்ணம் இவ்வாறு உருப்பெற்றது.

கேரளக் கரையில் அது மேடைப் பேச்சாக நில்லாமல் தெருவுக்கு வந்தது. தாமஸ் கோச்சேரி என்னும் குருவானவர் 1970களில் திருவனந்தபுரத்தையடுத்த பூந்துறை மீனவரிடையே குடிபுகுந்தவர். அவரைப் போன்ற குருமாரும், கன்னியர் சிலரும், சமூகப் பணியாளர்களும் மீனவரைச் சங்கமாகத் திரட்டினர். 1977இல் அமைந்த அச்சங்கம் இலத்தீன் கத்தோலிக்க மீனவர் என்ற பெயரைத் தாங்கியிருந்தது. ஆனால் கடலில் இந்துவும் முஸ்லிமும் அல்லவோ உடன் வலை வீசுகின்றனர்? ஆகவே 1980இல் சமயப் பெயர் நீக்கப்பட்டு, எல்லா மீனவர்க்கும் உரிய சுதந்திரத் தொழிற்சங்கமாக அது மாறிற்று. நம் கருத்தில் இவ்வரலாற்றின் மிக உயர்ந்த கட்டம் இதுவே. தம் சமயத்தின் பெயரால் தொடங்கியதை, நீதியின் பொருட்டு அச்சமயத்தின் பெயரின்றி நடத்தத் துணிவது எளிய காரியமன்று. மேற்றிராணியார்களிற் சிலர் இதனை விரும்பவில்லை.

1981இல் கோச்சேரி உண்ணா நோன்பு மேற்கொண்டார். 1984இல் கன்னியரும் நோன்பிருந்தனர். கோரிக்கை ஒன்றே: மழைக்காலத்தில் இழுவைப் படகுகள் ஓடக்கூடாது. தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்களைப் பேருந்துகளில் ஏற்ற மறுத்த கொடுமைக்கு எதிராகவும் இவ்வியக்கத்தினர் போராடி, அப்பெண்களுக்கெனத் தனிப் பேருந்துகளைப் பெற்றுத் தந்தனர். சுற்றுப்புறம் என்ற சொல்லே அப்பெண்கள் வாயில் வந்திராது. எனினும் கடலில் மீன் குறைந்தால் முதலில் காலியாவது அவர்கள் கூடைதான்.

எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் யார்? இங்கேதான் சிக்கல். சக்திகுளங்கரைப் படகுச் சொந்தக்காரர்களிற் பலரும் அதே கத்தோலிக்கர்கள். ஞாயிறன்று அதே மறையுரையைக் கேட்பவர்கள். மழைக்காலத்தில் கிடைக்கும் ‘கரிக்காடி’ இறாலை அப்போது பிடிக்காவிட்டால் வேறெப்போது பிடிப்பது, எங்கள் படகில் கூலிக்கு வரும் ஏழை என்ன செய்வான் என்று அவர்கள் கேட்டனர். இக்கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. அரசாங்கம் குழு மேல் குழுவாக அமைத்தது. இறுதியில் பாலகிருஷ்ணன் நாயர் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1988இல் கேரளத்தில் மழைக்காலத் தடை நடைமுறைக்கு வந்தது. கரையோரக் கடலில் சுருக்குமடி முதலிய வலைகளைத் தடுக்கும் அரசாங்க அதிகாரத்தை 1993இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஏழை மீனவரின் வாழ்வுரிமை அத்தீர்ப்பில் முக்கிய இடம் பெற்றது.

இதற்கிடையே 1989 ஏப்ரலில் தேசிய மீனவர் பேரவையினர் கிழக்குக் கரையிலிருந்து ஓர் அணியும் மேற்குக் கரையிலிருந்து ஓர் அணியுமாகப் புறப்பட்டு, நீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்ற முழக்கத்துடன் மே முதல் நாள் கன்னியாகுமரியில் கூடினர். வழிநெடுகக் கடலை மாசுபடுத்தும் ஆலைகளையும் அழிக்கப்பட்ட அலையாத்திக் காடுகளையும் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். கன்னியாகுமரிக் கூட்டம் போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, பலர் காயமுற்றனர்.

1999இல் சுற்றுப்புறப் பணிக்கான சோபி பரிசு கோச்சேரிக்கும் பொருளியல் அறிஞர் ஹெர்மன் டேலிக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. வழங்கிய நாடு நார்வே! நீண்டகரைக்கு இயந்திரப் படகைக் கொணர்ந்த அதே நாடு. அவ்வாண்டிலேயே அமெரிக்க அறக்கட்டளையொன்று அளிக்க முன்வந்த 1,50,000 டாலர் கௌரவ நிதியை, அதன் மூலதனம் எண்ணெய்க் கம்பெனியிலிருந்து வந்தது என்று கூறி அவர் மறுத்துவிட்டார். 2014இல் அவர் காலமானார். மறுத்தது சரியா, வாங்கிச் சங்கத்துக்குச் செலவிட்டிருக்கலாகாதா என்று கேட்போர் உண்டு. நமக்கும் அந்த எண்ணம் எழுந்ததுண்டு.

விவிலியத்தின் லேவியர் ஆகமத்தில் ஒரு கட்டளை உண்டு. ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல் விடவேண்டும். தானே விளைவது வேலைக்காரனுக்கும், அயலூரிலிருந்து வந்து தங்கியவனுக்கும், விலங்குகளுக்கும் உணவாகவேண்டும். நிலத்துக்கு ஓய்வும் ஏழைக்கு உணவும் ஒரே கட்டளையில் அமைந்திருப்பதே இதன் நுட்பம். 2015இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடல், சுற்றுப்புறக் கேடும் சமூகக் கேடும் தனித்தனி நெருக்கடிகள் அல்ல என்று விளக்கும்போது இத்தகைய பழைய கட்டளைகளை நினைவூட்டுகிறது. மழைக்காலத் தடையைக் கடலுக்கு வாய்த்த அத்தகைய ஓய்வாகவே நாம் காண்கிறோம்.

ஆனால் அயலூரிலிருந்து வந்து தங்கியவனுக்கு அக்காலத்தில் உணவு உண்டா? கேரள விசைப்படகுகளில் இன்று வேலை செய்வோருள் தமிழர், ஒரியர், வங்காளிகள், அசாமியர் பலர். தடைக்காலத்தில் கூலி நின்றுவிடுகிறது. அரசாங்க உதவி பெரும்பாலும் மாநிலவாரியான பதிவைப் பொறுத்தது. வந்தேறிய தொழிலாளிக்கு அது எளிதில் கிட்டுவதில்லை. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதியினர் தலைமுறையாகக் கொச்சித் துறையிலிருந்து ஆழ்கடல் செல்பவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் வீசியபோது, ஆழ்கடலில் எச்சரிக்கை எட்டாமல் மாண்டவர்களில் அவ்வூர்களைச் சேர்ந்தவர் மிகப் பலர். குழித்துறை இரயில் நிலையத்தில் குருமார் முன்னிற்க மக்கள் தண்டவாளத்தில் அமர்ந்தது, காணாமற்போனவர்களைத் தேடுங்கள் என்று கேட்கவே. அரபிக் கடலின் நீர் வெப்பமுற்று வருவதாலும் புயல்கள் வலுப்பெற்று வருவதாலும் இது அவர்களுக்கு முடிந்துபோன கதையன்று.

வேறொரு குறையையும் மறைக்கலாகாது. தடைக்காலத்தில் விலக்குப் பெற்ற நாட்டுப்படகினரிற் சிலர் இப்போது பெரிய இயந்திரங்களையும் பெரிய வளைய வலைகளையும் கொண்டு, மழைக்காலத்திலேயே குஞ்சுச் சாளையைக் கூட்டத்தோடு வாரிவிடுகின்றனர். அவை மீன்தூள் ஆலைக்குச் செல்கின்றன. அநீதிக்கு ஆளானவன் கையிலும் அதே வலை வந்து சேரக்கூடும் என்பதை இயக்கத்தின் மூத்தவர்களே ஒப்புக்கொள்கின்றனர். இதனைத் தடுக்கக் கேரள அரசாங்கம் மீன்வகைதோறும் குறைந்தபட்ச அளவு வகுத்திருக்கிறது. சாளைக்கு அது 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14. ஏறக்குறைய நம் நடுவிரலின் நீளத்துக்குச் சற்று மேற்பட்டது சாளையின் அளவு. அதற்குக் குறைந்த மீன் கொச்சிச் சந்தையில் கூறு கட்டி மலிவாகக் கிடக்கும்போது, அஃது எந்த மாதத்தில், எந்த வலையில் வந்தது என்று விற்பவரைக் கேட்டுப் பார்க்கலாம். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.