பக்கவாதம் கண்டவரின் கைக்கு வீட்டுக் கருவி

நெசவாளர் இல்லத்தில் கையே முதல். அக்கை ஒரு நாள் நாடாவைப் பிடிக்க மாட்டாது மடங்கிவிடுமாயின், குடும்பத்தின் வருவாயும் உடன் மடங்கிவிடுகின்றது. பயிர்த்தொழில் புரிவோர்க்கும் இஃது ஒக்கும். பக்கவாதம் கண்டவுடன் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனை சேர்த்தல் வேண்டும் என்பதை இன்று பலரும் அறிவர். வீடு திரும்பிய பின்னர் அக்கைக்குரிய பயிற்சிக் கருவியைத் தீங்கின்றி அமைப்பது எவ்வாறு என்பதையே அறியாதிருக்கின்றனர். அதனை ஈண்டு விளக்க விழைகின்றோம்.

அன்பால் விளைந்த துன்பம்

ஆய்வின் பொருட்டு ஓர் ஊருக்குச் சென்றிருந்தபோது, சங்க உறுப்பினர் ஒருவரின் இல்லத்தில் ஒரு காட்சியைக் கண்டோம். அவருக்கு வலப்பக்கம் செயலிழந்திருந்தது. அவர்தம் மைந்தர், தறிவேலை நுட்பம் யாவும் அறிந்தவர், உத்தரத்தில் ஒரு கப்பியைக் கட்டி, தந்தையின் வலக்கையைக் கயிற்றின் ஒரு முனையில் பிணைத்திருந்தார். மறுமுனையை இடக்கையால் இழுத்தால் வலக்கை தலைக்கு மேல் உயரும். மூன்று வாரங்களில் தோளில் பொறுக்கலாகாத வலி கண்டது. கையைத் தொடவும் பெரியவர் விடவில்லை. நடக்கவிருந்த பயிற்சியும் நின்றுபோயிற்று.

மைந்தரின் அன்பிற் குறையில்லை. குறை கருவியில் இருந்தது. தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்துள்ள நிலையில் கையை மேலே இழுத்தால், மூட்டின் உட்பகுதி நசுங்கிப் புண்படுகின்றது. இத்தகைய கப்பிப் பயிற்சி தகாது என 2016-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க இதய, பக்கவாதக் கழகங்களின் வழிகாட்டு நூலும் கூறுகின்றது.

கை மடங்குவது ஏன்?

நோய் கையில் இல்லை, மூளையில் உள்ளது. குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி பழுதுறுகின்றது. நாளடைவில், விரல்களை மடக்கும் தசைகள் விறைப்படைகின்றன. இவ்விறைப்புக்கு ஓர் இயல்பு உண்டு: விரைந்து இழுத்தால் மிகுதியாக எதிர்க்கும், மெல்ல இழுத்தால் இணங்கும். பாவை வெடுக்கென்று இழுத்தால் இழை அறும் என்பதை அறிந்த நெசவாளர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மூடிய கையைத் திறக்கவும் ஒரு முறை உண்டு. மணிக்கட்டை நிமிர்த்திக்கொண்டு விரல் நுனிகளைப் பற்றி இழுத்தல் கூடாது. முதலில் மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாகச் சிறிது வளைத்தால், விரல்களை மடக்கும் நரம்புக்கயிறுகள் தளரும்; விரல்கள் எளிதில் திறக்கும். பின்னரே மணிக்கட்டை மெல்ல உயர்த்துதல் வேண்டும். எந்தக் கருவியும் இந்த ஒழுங்கைப் பின்பற்றியே அமைதல் வேண்டும்.

கையைப் பலகையோடு சேர்த்து இரவெல்லாம் கட்டிவைத்தால் போதும் என்று கருதுவோர் உளர். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் 63 நோயாளர்களைக் கொண்டு 4 வாரங்கள் இதனைச் சோதித்தனர். மணிக்கட்டுத் தசை குறுகுவதை அக்கட்டு தடுக்கவில்லை. கட்டுவது பயிற்சி ஆகாது. இயன்முறை மருத்துவர் பணித்தாலன்றி அதனைச் செய்தல் வேண்டா.

கருவிக்குரிய இலக்கணம்

முதலாவது, நோயாளர் தம் நல்ல கையொன்றாலேயே அதனைக் கழற்ற இயல வேண்டும். முடிச்சு ஆகாது, ஒட்டுப்பட்டை நன்று. பட்டையின் இழுமுனை நல்ல கையின் பக்கம் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, தோலைக் காத்தல் வேண்டும். பலருக்குக் கையில் உணர்ச்சியும் குன்றியிருக்கும். அழுத்துவதையும் அறுப்பதையும் அவர் அறியார். ஆதலின் அருகிருப்போரின் கண்ணே அவரது உணர்ச்சியாதல் வேண்டும். மெல்லிய பருத்தித் துணியை உள்ளே வைத்து, தையலை வெளிப்புறம் அமைக்க. முதல் நாள் கால் மணி நேரம் அணிவித்துக் கழற்றிப் பார்க்க. சிவந்த தடம் 20 நிமிடங்களில் மறையவில்லையெனில், கருவியைத் திருத்தும் வரை அணிவித்தல் கூடாது. உணர்ச்சியற்ற கைக்கு வெந்நீர் ஒத்தடமும் ஆகாது. வெந்து கொப்புளித்த பின்னரே தெரியவரும்.

மூன்றாவது, மின்விசையால் இயங்கும் கையுறைகளில் தாழ்ந்த மின்னழுத்த மின்கலமே இருத்தல் வேண்டும். கையில் உள்ளபோது சுவர் மின்சாரத்துடன் இணைத்தல் கூடாது. விரல் அளவுக்கு மீறி வளையாதபடி தடுக்கும் முளை வேண்டும். நிறுத்தும் பொத்தான் நல்ல கைக்கு எட்டுதல் வேண்டும். மின்சாரம் நின்றால் கருவி கையைப் பற்றிக்கொள்ளாது தளர்ந்து விடுதல் வேண்டும். செய்தவர் முதலில் தம் கையிலேயே அணிந்து பார்ப்பாராக.

நான்காவதே தலையாயது. கருவி கையை இயக்குவதிலும், கை கருவியை இயக்குவதே சிறப்பு. நோயாளர் தாமே முயன்று பன்முறை செய்யும் செயலால்தான் மூளை மீண்டும் கற்கின்றது. 2006-இல் வெளியான எக்சைட் என்னும் ஆய்வில், 222 நோயாளரிடையே ஒரு சாரார்க்கு நல்ல கைக்கு உறையிட்டு, நலிந்த கையையே இரண்டு வாரங்கள் தீவிரமாகப் பழக்கினர். அக்கைகள் நன்கு தேறின. ஆயின் மணிக்கட்டும் விரல்களும் 10 பாகையேனும் தாமே நிமிரக் கூடியவர்க்கே இம்முறை பொருந்தும். நடக்கும்போதும், குளிக்கும்போதும், அடுப்பருகிலும் உறையைக் கழற்றிவிடல் வேண்டும். இன்றேல் விழும்போது ஊன்றக் கையிராது.

தச்சர் ஒருவர் செய்யத்தக்க எளிய கருவியும் உண்டு. நடுவே தடுப்புள்ள ஒரு பெட்டி, 2.5 சென்டிமீட்டர் அளவில், முனை தேய்த்த மரக்கட்டைகள் 150. ஒரு நிமிடத்தில் எத்தனை கட்டைகளை ஒவ்வொன்றாகத் தடுப்பைத் தாண்டி வைக்க இயலும் என எண்ணுவர். மருத்துவமனைகளில் கைத்திறனை அளப்பதும் இவ்வாறே. வெவ்வேறு பருமனுள்ள தார்க்குச்சிகளைப் பற்றி விடுதலும் நல்ல பயிற்சியே.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

ஒரு வீட்டார் தமக்கெனச் செய்துகொள்வது வேறு. சங்கம் செய்து விற்பது வேறு. 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் உள்ளன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துள்ளன. ஆதலின் உரிய அனுமதியின்றி விற்பனையில் இறங்குதல் கூடாது. சங்கச் செயலாளர்கள் செய்யத்தக்கது வேறொன்று. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழி இயன்முறை மருத்துவர் இல்லந்தேடி வருகின்றனர். பக்கவாதம் கண்ட உறுப்பினரின் பெயரை அவர்களிடம் தெரிவித்து, கருவி எதனையும் அவர்தம் பார்வைக்குப் பின்னரே பயன்படுத்தச் செய்வார்களாக.

நாம் கண்ட இல்லத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. இயன்முறை மருத்துவர் வந்து கப்பியை இறக்கச் சொன்னார். தோள்வலி தணிந்தபின், மைந்தர் மரக்கட்டைகளை இழைத்துக் கொடுத்தார். பெரியவர் நாடோறும் எடுத்துவைத்த கட்டைகளின் எண்ணிக்கை, கூலிக் கணக்கெழுதும் ஏட்டின் பின்புறத்தில் குறிக்கப்பெற்றிருந்தது. மறுமுறை சென்றபோது அவர் அதனையே முதலில் எடுத்துக் காட்டினார், காட்டியது வலக்கையால்.