மழைக்காலத்தில் செல்போனுக்கு சோலார் மின்சாரம்

பனமலை, திண்டிவனம் வட்டாரங்களில் நெல்லும் மணிலாவும் பயிரிடும் விவசாயிகளுக்கு இன்று செல்போனும் ஒரு பண்ணைக் கருவியே. மழை அறிவிப்பும் விற்பனைக் கூட விலையும் அதில்தான் வருகின்றன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய நாட்களில் மின்சாரம் நின்றால் செல்போனும் டார்ச் விளக்கும் ஓய்ந்துவிடும். சிறிய சோலார் பேனலும் பவர் பேங்கும் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

எவ்வளவு கிடைக்கும்?

10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கில் சுமார் 37 வாட்-மணி மின்சாரம் சேரும். சேதாரம் போக, 5,000 அளவுள்ள செல்போனை ஏறத்தாழ ஒன்றரை முறை சார்ஜ் செய்யலாம். 10 வாட் பேனல் நல்ல வெயிலிலும் 6 அல்லது 7 வாட்தான் தரும். ஆகவே பவர் பேங்க் நிரம்ப ஒன்று முதல் ஒன்றரை நாள் வெயில் தேவை. மேகமூட்டத்தில் இதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைப்பதே அரிது.

எனவே மழை நாளில் பேனலை நம்பக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தவுடன் வீட்டு மின்சாரத்திலேயே பவர் பேங்கை நிரப்பிவிட வேண்டும். மழை விட்டு வெயில் திரும்பியபின், மின்சாரம் வரும்வரை கைகொடுப்பதே பேனலின் வேலை.

கவனிக்க வேண்டியவை

1. பேனலைத் தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்த்து வைக்கவும். ஒரு தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறையும்.

2. பேனல் வெயிலில் இருக்கலாம். பவர் பேங்க் நிழலில் இருக்க வேண்டும். 45 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால் லித்தியம் பேட்டரி கெடும்.

3. பவர் பேங்கின் முதுகிலேயே ஒட்டிவரும் சிறு பேனலால் அது நிரம்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பேட்டரியும் வெயிலில் காயும். தனிப் பேனலே நல்லது.

4. 12 வோல்ட் பேனல் வெயிலில் 18 வோல்ட்டுக்கு மேல் தரும். அதை நேரடியாக இணைக்காமல், 5 வோல்ட்டாகக் குறைக்கும் கருவி வழியே இணைக்க வேண்டும்.

5. பி.ஐ.எஸ். பதிவு முத்திரை பார்த்து வாங்கவும். உப்பிய பவர் பேங்கைச் சார்ஜ் செய்யாதீர். நெருப்பிலும் குப்பையிலும் போடாதீர்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி வெயிலிலேயே ஒருமுறை இணைத்துச் சோதித்து வைத்துக்கொள்வது நலம்.